காரணத்தைக் கைவிட்ட படமும் குற்றத்தின் கேள்வியும்: ராய் ஆண்டர்சனை முன்வைத்து

1. கேள்வி

“படத்தில் கதையே இல்லை” என்ற வாக்கியம் நம்மிடையே வசையாகவும் புழங்குகிறது, பாராட்டாகவும் புழங்குகிறது. பாதியில் எழுந்து வெளியேறுகிறவர் அதை வசையாகச் சொல்கிறார். அதே படத்தைத் திரைப்படச் சங்கத்தில் திரையிடுகிறவர் பெருமையாகச் சொல்கிறார். கதை என்ன வேலை செய்கிறது, அதை எடுத்துவிட்டால் அந்த வேலையை வேறு எது செய்யும் என்று இருவருமே கேட்பதில்லை.

கதையின் முதல் வேலை காரணத்தைக் காட்டுவது. ஒருவன் கடன் வாங்குகிறான். திருப்பித் தர முடியாமல் பொய் சொல்கிறான். அந்தப் பொய்யால் நண்பனை இழக்கிறான். இப்படி ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பதைத்தான் கதைப்பின்னல் என்கிறோம். அபத்தச் சுயாதீனப் படங்கள் இந்தத் தொடரை அறுத்துவிடுகின்றன. காட்சிகள் அடுத்தடுத்து வருகின்றன, ஆனால் ஒன்று இன்னொன்றை விளைவிப்பதில்லை. இந்த அறுப்பினால் சினிமாவுக்குக் கிடைத்தவை ஏராளம். ஆனால் ஒரு சிக்கலும் உண்டு. ‘யார் செய்தார், யாருக்குச் செய்தார், எப்படி நடந்தது’ என்பவை காரணத்தோடு பிறந்த கேள்விகள். காரணத்தைக் கைவிட்ட ஒரு வடிவம் குற்றத்தைப் பற்றிப் பேச முடியுமா?

இதைச் சோதிக்க ஸ்வீடன் இயக்குநர் ராய் ஆண்டர்சனைவிடப் பொருத்தமானவர் இல்லை. கதைப்பின்னலை அவர் அளவுக்குத் துறந்தவர்கள் சிலரே. குற்றம் பற்றி அவர் அளவுக்கு விடாமல் பேசியவர்கள் அதைவிடச் சிலர்.

2. இதுவரையான புரிதல்

அபத்தம் என்ற கருத்து நமக்குப் புதிதன்று. ஆல்பெர் காம்யுவின் சிசிபஸ் கட்டுரை 1942இல் வெளிவந்தது. பெக்கெட், அயனெஸ்கோ ஆகியோரின் நாடகங்களை ஒரே போக்காகத் தொகுத்து மார்ட்டின் எஸ்லின் 1961இல் எழுதிய நூல் ‘அபத்த நாடகம்’ என்ற பெயரை நிலைக்கச் செய்தது. தமிழில் ந. முத்துசாமியின் நாடகங்களைப் பற்றிய விவாதங்களிலும் அந்தப் பெயர் இடம்பெற்றது. எஸ்லின் சொன்னதன் சாரம் இது: உலகம் பொருளற்றது என்று வாதிடுவதை இந்த நாடகங்கள் விட்டுவிடுகின்றன, பொருளின்மையையே மேடையில் நிகழ்த்துகின்றன.

சினிமா ஆய்வு வேறு வழியில் இங்கு வந்து சேர்ந்தது. நீண்ட ஷாட்டும், முன்புறமும் பின்புறமும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும் சட்டகமும் பார்வையாளரின் கண்ணுக்குச் சுதந்திரம் தருகின்றன என்று ஆந்த்ரே பஸான் வாதிட்டார். கலைப்படங்கள் காரணத் தொடரைத் தளர்த்தி, அந்த இடத்தில் உளவியல் யதார்த்தத்தையும் இயக்குநரின் ஆளுமையையும் வைக்கின்றன என்று டேவிட் போர்ட்வெல் 1979இல் எழுதினார். 1990களின் அமெரிக்கச் சுயாதீனப் படங்களின் அசையாச் சட்டகம், உணர்ச்சி காட்டாத முகம், எட்ட நின்று பார்க்கும் எள்ளல் ஆகியவற்றை ஜெஃப்ரி ஸ்கான்ஸ் 2002இல் ஒரு தனிப் போக்காக அடையாளம் கண்டார்.

இந்த விளக்கங்கள் பயனுள்ளவை. எனினும் பஸானின் சுதந்திரம், போர்ட்வெல்லின் தளர்ச்சி, ஸ்கான்ஸின் தொலைவு மூன்றும் பார்வையாளருக்கு நேர்வதைப் பற்றியவை. திரையில் காட்டப்படும் செயலுக்கு யார் பொறுப்பு என்பது இவற்றில் மையக் கேள்வியாக வருவதில்லை. ஆண்டர்சனின் படங்களை அந்தக் கேள்வி இல்லாமல் பார்த்தால் சில விநோதமான வேடிக்கைக் காட்சிகளே மிஞ்சும்.

3. ஆண்டர்சனின் பாதை

1943இல் கோதன்பர்க்கில் பிறந்த ஆண்டர்சன் தொடங்கியது கதையோடுதான். 1970இல் வந்த முதல் முழுநீளப் படமான ‘ஒரு ஸ்வீடிஷ் காதல் கதை’ இரண்டு பதின்வயதினரின் காதலைச் சொன்னது; பெரும் வரவேற்பைப் பெற்றது. 1975இல் வந்த ‘ஜிலியாப்’ தோற்றது. அடுத்த முழுநீளப் படத்துக்கு அவர் 25 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அந்த இடைக்காலத்தில் அவர் விளம்பரப் படங்கள் எடுத்தார், நூற்றுக்கணக்கில். 1981இல் ஸ்டாக்ஹோமில் ‘ஸ்டுடியோ 24’ என்ற தன் நிறுவனத்தைத் தொடங்கினார். நாம் ஒருவரை ஒருவர் ஏன் பொருட்படுத்த வேண்டும் என்று கேட்கும் தேர்தல் விளம்பரத்தை 1985இல் சமூக ஜனநாயகக் கட்சிக்காக எடுத்தார். அசையாத காமிரா, ஒரே ஷாட்டில் முடியும் சம்பவம், அறையின் நடுவே செய்வதறியாமல் நிற்கும் சாதாரண மனிதர், மங்கிய பச்சையும் சாம்பலும் கலந்த நிறம் என்று பின்னாளில் அவருடைய கையொப்பமாக அறியப்பட்ட எல்லாமே இந்த விளம்பரங்களில் உருவானவை. வணிகத்துக்கு எதிரானதாகக் கொண்டாடப்படும் ஒரு பாணி, வணிகத்தின் அரை நிமிடப் பட்டறையில் தேறியிருக்கிறது. அதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் அரை நிமிடத்துக்கு எது போதும், ஒன்றரை மணி நேரத்துக்கு எது போதாது என்பதை யோசிக்கும்போது இந்தப் பின்னணியை மறக்கக் கூடாது.

‘சுயாதீனம்’ என்ற சொல்லையும் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். நம் பேச்சில் அது குறைந்த செலவு என்ற பொருளையும் சுமக்கிறது. ஆண்டர்சனுக்கு அது நேரத்தின் மீதான உரிமை. 2000இல் வந்த ‘இரண்டாம் மாடியிலிருந்து பாடல்கள்’ படத்தில் 46 ஷாட்கள். காமிரா நகர்வது ஒரே ஒரு முறை. எடுக்க நான்கு ஆண்டுகள் ஆயின. தெருவாகவும் ரயில் நிலையமாகவும் நாம் காண்பவற்றில் பெரும்பாலானவை ஸ்டுடியோவுக்குள் கட்டப்பட்ட செட்கள். தூரத்தில் தெரியும் கட்டடங்கள் பல, கண்ணை ஏமாற்றும் வரைதல்கள். ஒரு ஷாட்டுக்காக ஒரு செட்டைக் கட்டி, எடுத்து முடித்ததும் கலைத்துவிடுவார்கள். முதலாளிக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய எந்த நிறுவனமும் இதற்கு இசையாது.

4. ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது

‘இரண்டாம் மாடி’யில் ஒரு விமான நிலையக் காட்சி வருகிறது. நீண்ட கூடத்தின் ஒரு முனையில் பயணச்சீட்டு சரிபார்க்கும் மேசைகள். அங்கே ஊழியர்கள் காத்து நிற்கிறார்கள். மறுமுனையிலிருந்து, நாட்டை விட்டு ஓடத் துடிக்கும் வசதி படைத்தவர்கள் மலைபோல் பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டிகளை முக்கி முனகித் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். வண்டி அங்குலம் அங்குலமாக நகர்கிறது. பெட்டிகள் சரிந்து விழுகின்றன. யாரும் மேசையை எட்டுவதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது.

கதையுள்ள ஒரு படம் இந்தக் கூட்டத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அவர் விமானத்தைப் பிடிப்பாரா என்று நம்மைப் பதைக்கவைக்கும். பதைப்பு வந்த கணமே மற்றவர்கள் பின்னணியாகிவிடுவார்கள். ஆண்டர்சன் யாரையும் பின்னணியாக்குவதில்லை. நிழலே விழாத வெளிச்சத்தில், வெண்மை பூசிய முகங்களோடு, ஒவ்வொருவரும் சம அளவு துலக்கமாகத் தெரிகிறார்கள். அவர்களில் யாரும் கதாநாயகர் இல்லை என்பதால் எல்லோரையும் பார்க்க நமக்கு நேரம் கிடைக்கிறது. தள்ளிச் செல்லும் உடைமையே தப்பிக்கவிடாத தளையாகிவிட்டதை வசனம் ஏதும் சொல்வதில்லை. வண்டியின் மந்தகதி சொல்கிறது. கதைப்பின்னலை இழந்ததற்கு ஈடாகக் கிடைப்பது இந்தக் காலம்தான், இது பெரிய ஈடு என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது ஈர்ப்பு, சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொள்ளும் விதம். மேடையில் மந்திரவாதி ஒருவர் பார்வையாளர் ஒருவரைப் பெட்டியில் படுக்கவைத்து ரம்பத்தால் அறுக்கிறார். வித்தை பலிக்கவில்லை, அந்த மனிதர் வலியால் அலறுகிறார். அரங்கு அது நிகழ்ச்சியின் பகுதிதானா என்று புரியாமல் பார்க்கிறது, நாமும்தான். இங்கே நகைச்சுவை எட்ட நின்று செய்யும் எள்ளல் இல்லை. ஸ்கான்ஸ் விவரித்த அமெரிக்கப் படங்களிலிருந்து ஆண்டர்சன் விலகும் இடம் இது. அறுபட்டவரின் மேல் படத்துக்கு உண்மையான இரக்கம் இருக்கிறது.

மூன்றாவது, மிக வலியது, அடுத்தடுத்து வைப்பதன் ஆற்றல். 1991இல் அவர் எடுத்த ‘மகிமையான உலகு’ சுமார் 15 நிமிடக் குறும்படம். முதல் ஷாட்டில், ஆடையின்றி நிற்கும் மனிதர்களை ஒரு லாரியின் பெட்டிக்குள் அடைக்கிறார்கள். கதவை மூடி, புகைபோக்கிக் குழாயைப் பெட்டிக்குள் இணைக்கிறார்கள். லாரி அந்த மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கோட்டும் டையும் அணிந்த சிலர் நின்று பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் திரும்பி நம்மைப் பார்க்கிறார். அடுத்த ஷாட்டிலிருந்து அவரே நமக்குத் தன் வாழ்க்கையை அறிமுகப்படுத்துகிறார்: இவர் என் தாய், இது என் கார், இது என் படுக்கை. வீட்டு மனைத் தரகர். இரவில் யாரோ அலறுவது கேட்கிறது, அவருக்கு மட்டும்.

முதல் ஷாட்டுக்கும் மற்றவற்றுக்கும் இடையே ‘அதனால்’ என்ற இணைப்பு கிடையாது. எந்த ஊர், எந்த ஆண்டு, யார் உத்தரவு என்று எதுவும் சொல்லப்படுவதில்லை. என்றாலும் அந்த ஒரு திரும்பிப் பார்த்தல், பின்வரும் சாதாரணக் காட்சிகள் அத்தனையின் மேலும் படிந்துவிடுகிறது. போரில் நடுநிலை வகித்ததாகச் சொல்லிக்கொண்ட நாடு ஸ்வீடன். தன் ரயில்களில் ஜெர்மானியப் படைகளைக் கடந்துபோக அனுமதித்த நாடும் அதுவே. நின்று பார்த்தவர் வீடு திரும்பி மனை விற்கிறார் என்பதைக் காட்ட இதைவிடச் சுருக்கமான வழி உண்டா என்று தெரியவில்லை.

5. ஜார்முஷ்: அளவறிந்த வடிவம்

ஒப்பீட்டுக்கு ஜிம் ஜார்முஷின் ‘சொர்க்கத்தினும் விநோதம்’ (1984) படத்தை எடுத்துக்கொள்ளலாம். விம் வெண்டர்ஸின் ஒரு படத்தில் மிஞ்சிய ஃபிலிம் சுருளைக்கொண்டு அதன் முதல் பகுதி எடுக்கப்பட்டது. ஒவ்வொரு காட்சியும் ஒரே ஷாட். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சற்று நேரம் வெறும் கருந்திரை. புடாபெஸ்ட்டிலிருந்து வரும் ஈவா, நியூயார்க்கில் தன் ஹங்கேரிய அடையாளத்தை மறைத்து வாழும் உறவினன் வில்லி, அவன் நண்பன் எட்டி ஆகிய மூவரும் க்ளீவ்லாண்டுக்கும் பிறகு ஃபுளோரிடாவுக்கும் போகிறார்கள். உறைந்த ஏரியைப் பார்க்கப் போன இடத்தில் பனியின் வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. ஈவா அணிந்த தொப்பியைக் கண்டு, வேறு யாரோ என்று நினைத்து ஒருவன் ஓர் உறை நிறையப் பணத்தை அவள் கையில் திணிக்கிறான். படத்தின் ஒரே பெரிய திருப்பம் ஓர் ஆள்மாறாட்டப் பிழை.

இங்கும் காரணத் தொடர் நலிந்திருக்கிறது. ஆனால் இந்தப் படம் தன் வடிவத்தால் தாங்க முடியாத எதையும் கேட்பதில்லை. புலம்பெயர்ந்தவர்களின் நாட்கள் எங்கும் ஒரே மாதிரி கழிவதைக் காட்ட, கருந்திரையால் பிரிந்த துண்டுகள் போதும். ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 23,000 டாலரில் எடுத்த ‘ஸ்லாக்கர்’ ஆஸ்டின் நகரத்தில் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவிப் போய்க்கொண்டே இருக்கும். அதற்கும் இது பொருந்தும். இப்படங்களை முன்வைத்து ‘கதை தேவையில்லை’ என்று பொதுவிதி வகுப்பவர்கள், அவற்றின் கருப்பொருள் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைக் காணத் தவறுகிறார்கள். ஆண்டர்சன் எடுத்துக்கொண்ட பொருள் இவர்களுடையதைவிடப் பாரமானது. அவரிடம்தான் எல்லையும் தெரியவருகிறது.

6. எல்லை: செப்பு உருளை

‘கிளையில் அமர்ந்து இருத்தலைச் சிந்தித்த புறா’ 2014இல் வெனிஸில் தங்கச் சிங்கம் விருது பெற்றது. இரத்தக்காட்டேரிப் பல், சிரிப்புப் பை, ஒற்றைப்பல் மாமா முகமூடி ஆகியவற்றை விற்று மக்களை மகிழ்விக்க அலையும் ஜோனாதன், சாம் என்ற இரு விற்பனையாளர்கள் அதில் வருகிறார்கள். படத்தின் பிற்பகுதியில் வரும் ஒரு காட்சி அதன் உச்சம் என்று பலரால் போற்றப்படுகிறது. பிரிட்டிஷ் காலனியச் சீருடை அணிந்த சிப்பாய்கள், சங்கிலியால் பிணைக்கப்பட்ட கறுப்பின மக்களை, குழந்தைகளோடு, மாபெரும் உலோக உருளை ஒன்றுக்குள் ஏற்றுகிறார்கள். உருளையின் மேல் ஊதுகுழல்கள் புடைத்து நிற்கின்றன. அடியில் தீ மூட்டப்படுகிறது. உருளை சுழலத் தொடங்க, உள்ளே எரிபவர்களின் அலறல் குழல்களின் வழியே இனிய இசையாக வெளிவருகிறது. மாலை விருந்துக்கான உடையில் முதிய செல்வந்தர்கள் கண்ணாடிக் கதவுகளைத் திறந்து வெளியே வந்து அதைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு மது பரிமாறுகிறவர் ஜோனாதன். உருளையில் ‘பூலிடன்’ என்று பொறிக்கப்பட்டிருக்கிறது.

இது மறக்க முடியாத ஷாட். அதனாலேயே இதைக் கடுமையாகக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

பூலிடன் ஸ்வீடனின் சுரங்க நிறுவனம். 1984, 1985 ஆண்டுகளில் தன் உருக்காலைக் கழிவு ஏறத்தாழ 20,000 டன்னை அது சிலி நாட்டின் வடக்கிலுள்ள அரிக்கா நகருக்கு அனுப்பியது. ஆர்செனிக் கலந்த அந்தக் கழிவு அங்கே திறந்தவெளியில் கொட்டிக் கிடந்தது. அருகே எளிய மக்களுக்கான குடியிருப்புகள் எழுந்தன. குழந்தைகள் அந்த மேட்டில் விளையாடினார்கள். பிற்காலத்தில் ஏறக்குறைய 800 பேர் ஸ்வீடன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள், இழப்பீடு கிடைக்கவில்லை. இந்த வரலாறு முழுக்க முழுக்கக் காரணத் தொடரால் ஆனது. தன் மண்ணில் வைத்துக்கொள்ள விரும்பாத கழிவு, அதை வாங்கிக்கொள்ள முன்வந்த ஒரு நிறுவனம், விதிகளின் இடைவெளி, இடம் தெரியாமல் வீடு கட்டித்தந்த அரசு, கடந்துபோன வழக்குத்தொடர் காலவரம்பு என்று ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கையொப்பம் இருக்கிறது. குற்றம் என்பது இந்தக் கையொப்பங்களில்தான் குடியிருக்கிறது.

ஆண்டர்சனின் ஷாட் இவற்றையெல்லாம் ஒரு பெயருக்குள் அடக்கிவிடுகிறது. சீருடை பிரிட்டிஷாருடையது, நிறுவனம் ஸ்வீடனுடையது, எரிபவர்கள் ஆப்பிரிக்கர்கள். மூன்றையும் எது இணைத்தது? ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான பாவம் என்ற உணர்வு இணைத்தது. அந்த உணர்வு உண்மையானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் பொதுவான பாவத்தில் எவருக்கும் தனிப்பங்கு குறிக்கப்படுவதில்லை. எரிபவர்களுக்குப் பெயரோ சொல்லோ தரப்படவில்லை. விமான நிலையத்தில் தள்ளுவண்டியோடு திணறிய செல்வந்தர்களின் முகங்களுக்குக் கிடைத்த காலம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. உருளையின் கதவு மூடியதும் அவர்கள் ஒலியாகிவிடுகிறார்கள். பின்னணி என்று யாரையும் ஒதுக்காத பாணி, அது மிகவும் தேவைப்பட்ட இடத்தில் தன் நெறியை மீறியிருக்கிறது.

ஆண்டர்சன் மதித்துப் படித்த மார்ட்டின் பூபரே இங்கே அளவுகோல் தருகிறார். குற்றத்தையும் குற்றவுணர்வையும் பூபர் பிரித்தார். குற்றவுணர்வு ஒருவரின் மனதுக்குள் நிகழ்வது. சிகிச்சையாலோ மறதியாலோ அது தணியக்கூடும். குற்றம் மனிதர்களுக்கு இடையே நிகழ்ந்தது. தீங்கிழைக்கப்பட்டவரை நோக்கித் திரும்பாமல் அது தீராது. உருளைக் காட்சிக்கு அடுத்து ஜோனாதன் துயரத்தில் ஆழ்ந்திருக்கிறார், தான் கண்ட கொடூரத்தில் தானும் பங்குகொண்டதாகச் சொல்கிறார். தன் இன்பத்துக்காகப் பிறரைப் பயன்படுத்துவது சரியா என்று விடுதியின் நடைக்கூடத்தில் கேட்கிறார். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் தூங்க வேண்டும் என்று பதில் வருகிறது. காட்சி கூர்மையாக இருக்கிறது, வலிக்கவும் செய்கிறது. ஆனால் ஜோனாதனின் கண்ணீர் உருளைக்குள் இருந்தவர்கள் பக்கம் திரும்ப வழியே இல்லை, ஏனென்றால் அவர்களுக்கும் அவருக்கும் இடையே படம் எந்தத் தொடர்பையும் கட்டவில்லை. பூபரின் அளவுகோலில் இது குற்றவுணர்வின் படம்.

7. ஒரு மறுப்பும் அதற்கான பதிலும்

இதை மறுப்பவர்கள் சொல்லக்கூடியது வலுவானது. நவீன அதிகாரத்துக்கு முகமில்லை. யார் செய்தார் என்று தேடினால் கோப்புகளும் குழுக்களும்தான் அகப்படும். ஆகவே காரணம் மறைந்த வடிவமே இந்தக் காலத்துக்கு நேர்மையான வடிவம் என்பார்கள். காஃப்காவைச் சாட்சிக்கு அழைப்பார்கள்.

காஃப்கா அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்வார் என்று நினைக்கிறேன். ‘விசாரணை’யில் குற்றச்சாட்டு என்னவென்று தெரியாது, ஆனால் ஒவ்வொரு அறையும் அடுத்த அறைக்குத் திறக்கிறது. முகமில்லாத அதிகாரத்தின் நடைமுறையை அவர் படிப்படியாக எழுதினார். அந்த வரிசையைக் கலைத்துவிட்டால் பயங்கரம் கூடாது, குறையும்.

ஆண்டர்சனிடமே இதற்குச் சான்று இருக்கிறது. ‘இரண்டாம் மாடி’யைக் கதையற்ற படம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் அதில் ஒரு நூல் அறுபடாமல் ஓடுகிறது. கலே என்ற அறைகலன் வியாபாரி காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் கடைக்குத் தானே தீவைக்கிறார். அவர் பணம் திருப்பித்தர வேண்டியிருந்த ஸ்வென் என்பவர் தற்கொலை செய்துகொண்டவர். ஸ்வெனின் ஆவி கலேயின் பின்னாலேயே வருகிறது, ரயில் நிலையத்திலும் தெருவிலும். எதையும் கேட்பதில்லை, வருகிறது, அவ்வளவுதான். கலேயின் பின்னால் வரும் இந்த ஊர்வலத்தில், ஜெர்மானியர்கள் தூக்கிலிட்ட ரஷ்ய இளைஞன் ஒருவனும் சேர்ந்துகொள்கிறான். தன் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்க அவளைத் தேடுகிறான். நாட்டின் பெரியவர்கள் கூடி நின்று செங்குத்துப் பாறையிலிருந்து தள்ளிவிட்ட சிறுமியும் கடைசியில் வருகிறாள். கலேக்கும் ஸ்வெனுக்கும் இடையே ஒரு தொகை இருக்கிறது, எண்ணிச் சொல்லக்கூடிய தொகை. அந்தச் சிறு கணக்கு உறுதியாக இருப்பதால்தான் அதன்மேல் ரஷ்ய இளைஞனையும் சிறுமியையும் ஏற்றி வைக்க முடிகிறது. தான் அறியாதவர்களின் சாவுக்கும் கலே ஏன் பதில் சொல்ல வேண்டும் என்பது நமக்கு விளங்குகிறது, காரணம் தான் அறிந்த ஒருவனின் சாவுக்கு அவர் பதில் சொல்லவில்லை என்பதை முன்பே கண்டோம். ‘மகிமையான உலகு’ படத்திலும் ஒரே மனிதர் முதல் ஷாட்டிலிருந்து கடைசி வரை வருகிறார். அங்கே நின்றவரும் இங்கே மனை விற்பவரும் ஒருவரே என்பதுதான் அந்தப் படத்தின் காரணத் தொடர். மிக மெலிதானது, ஆனால் போதுமானது.

பிந்தைய படங்களில் இந்த நூல் தளர்ந்துகொண்டே போகிறது. 2007இல் வந்த ‘வாழ்வோரே, நீங்கள்’ கனவுகளால் கோக்கப்பட்டது. அதிலுள்ள ஒரு கனவில் விருந்து மேசை விரிப்பை உருவ, பழைய பீங்கான்கள் நொறுங்கி, அடியில் மேசைப் பலகையில் பதித்த ஸ்வஸ்திகா வெளிப்படுகிறது. ஒரு வர்க்கத்தின் சொத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை அந்த வீட்டின் மரத்திலேயே காட்டியதால் அது நிற்கிறது. 2019இல் வந்த ‘முடிவின்மை பற்றி’யில் ஒரு பெண்குரல் பல காட்சிகளில், ஒருவரைக் கண்டேன் என்று சொல்லிக்கொண்டு போகிறது. நம்பிக்கை இழந்த பாதிரியாரையும், நொறுங்கும் பதுங்கறையில் ஹிட்லரையும், சைபீரியாவுக்கு நடக்கும் தோற்ற படையையும் அது கண்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே தொனி, ஒரே வெளிச்சம், ஒரே இரக்கம். ஹிட்லரையும் பேருந்தைத் தவறவிடக் கூடாதென்று நோயாளியை வெளியேற்றும் மருத்துவரையும் அந்தச் சம இரக்கம் ஒரே வரிசையில் வைத்துவிடுகிறது. 46 ஷாட்களில் எல்லோரையும் சமமாகப் பார்க்கவைத்த அதே கண் இங்கே வேறுபாட்டை அழிக்கிறது.

நம் ஊர்த் திரைவிழாக்களில் இப்படங்களைக் காண்பவருக்கு இன்னொரு தடையும் உண்டு. உருளையில் பொறித்த பெயரை ஸ்வீடன் பார்வையாளர் செய்தித்தாளில் படித்திருப்பார். இங்கே அமர்ந்திருப்பவருக்கு அது வெறும் எழுத்து. அரிக்கா அவர் மனதில் வர வாய்ப்பில்லை. போபாலையும் தூத்துக்குடியையும் அறிந்த பார்வையாளர் அவர். ஆலை, அனுமதி, காற்று, வழக்கு என்ற வரிசை அவருக்கு அத்துப்படி. அந்த வரிசையில் ஒரே ஒரு கண்ணியைப் படம் தந்திருந்தால் மீதியை அவரே கட்டியிருப்பார். பஸான் சொன்ன சுதந்திரமான கண்ணுக்கும் பற்றிக்கொள்ள அப்படி ஓர் இடம் வேண்டும். ஸ்வென் திருப்பிப் பெறாத தொகை அத்தகைய இடம். உருளையின் மேல் இருக்கும் பெயர் அதற்குப் போதவில்லை.